கேமராவுக்காக நின்ற தறி

எனக்குக் கோவம் வந்தா எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு கண்ணு தெரியாது. இத நானே ஒத்துக்கிறேன், ஊரக் கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாம். நான் போட்டோ எடுக்கிறவ. திருத்தணி மலைக்கு மொட்ட போட வர்றவங்க, காது குத்த வர்றவங்க, கல்யாணம் முடிக்க வர்றவங்கன்னு வருசம் பூரா கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்துல பல வருசம் ஒரு ஸ்டூடியோக்காரருக்கு லைட்டப் புடிச்சிகினு நின்னேன். அப்புறம்தான் சொந்தமா ஒரு கேமரா வாங்கினேன். வாங்கின அன்னிக்குச் சோறுகூட எறங்கல, அத மடியில வெச்சிகினு உக்காந்திருந்தேன்.

எங்க வீட்டுக்காரர் நெசவு. எனக்கு மாமன் மவன். எங்க ஜனத்துல தமிழும் தெலுங்கும் கலந்துதான் வாயில வரும், அதனால சின்ன வயசுலேர்ந்து அவர பாவான்னுதான் கூப்பிடுவேன். தாலி கட்டின பிறகும் பாவாதான். வீட்டு முன்கட்டுல ரெண்டு பவர்லூம் ஓடுது. விடிஞ்சா ஆரம்பிக்கிற சத்தம் பொழுது சாயுற வரைக்கும் ஓயாது. எங்க காதுல அது ஏறவே ஏறாது, நின்னாதான் என்னமோ ஏதோன்னு எழுந்து பாப்போம். நான் பேசுறதுல பத்துல ஒரு பங்கு அவர் பேசினா பெரிய விஷயம்.

போன ஐப்பசியில, ஒரு கொழந்தைக்கு மொட்ட போட்டப்போ எடுத்த படங்கள வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். அப்பங்காரர் கொழந்தையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருக்கார், மொட்டத் தலை பூரா சந்தனம், பின்னாடி மேகமே இல்லாத வானம். அந்த வானத்துல புள்ளி புள்ளியா கருப்பு. கம்ப்யூட்டர் கண்ணாடிய முந்தானையால தொடச்சேன், போவல. அடுத்த படத்துலயும் அதே எடத்துல அதே புள்ளி. அதுக்கு அடுத்ததுலயும்.

படத்த வாங்க வந்தவர், அது இன்னாங்க மேலன்னு கேட்டார். காக்காங்கன்னு சொன்னேன், மலையில காக்கா ஜாஸ்திங்க. அவரும் ஆங் ஆங்ன்னு தலையாட்டினார். ஒரு காக்கா அவர் மூக்கு மேலயே உக்காந்திருந்துச்சு, நல்லவேள அத அவர் பாக்கல.

லென்ஸுக்குப் பின்னாடி, பெரிய தபால்தலை அளவுல ஒரு சில்லு இருக்கு. அதான் சென்சார். வெளிச்சம் அது மேல விழுந்துதான் படம் ஆவுது. அதுல தூசி ஒட்டினா எடுக்கிற படத்துல எல்லாம் அதே எடத்துல கறை விழும். மண்டபத்துக்குள்ள லென்ஸோட துளையப் பெரிசாத் தொறந்து எடுக்கிறப்போ அது கண்ணுக்குத் தெரியாது. வெயில்ல துளையச் சின்னதாக்கினா அப்படியே காட்டிக் குடுத்துடும். நாலஞ்சு படம்னா ஒவ்வொரு புள்ளியா கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம். கல்யாணத்துல ஆயிரக்கணக்குல எடுக்கணும், வீடியோ வேற. பொண்ணு மொகத்து மேல புள்ளி ஊர்ந்துகினு போனா அத எத்தன நாளு குந்தி அழிக்கிறது?

கல்யாணம்னு சொன்னேன் இல்ல, அதான் விஷயமே. அன்னிலேர்ந்து அஞ்சாம் நாள் மலை மேல ஒரு கல்யாணம். நான் தனியா, என் பேர்ல ஒத்துகினு இருந்த மொதக் கல்யாணம். கனகம்மாசத்திரத்துப் பொண்ணு. அவளே என்னத் தேடிகினு வந்தா. அவ நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்த ஆளு, மூஞ்சத் திருப்புறேன்னு ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு விரலால அவ மோவாயப் புடிச்சாராம். தோள்ல சேலைய சரி பண்றேன்னு கைய வெச்சாராம். வீட்டு ஜனம் மொத்தமும் பாத்துகினு இருக்க, இவளால வாயத் தொறக்க முடியல. அப்புறமா அப்பாகிட்ட சொன்னதுக்கு, போட்டோக்காரங்கன்னா அப்படித்தான்மான்னு முடிச்சிட்டாராம்.

"நீங்க வரலன்னா அவரத்தான் கூப்பிடுவாங்கக்கா. எப்படியாவது வந்துடுங்க." குனிஞ்ச தலை நிமிராம சொன்னா.

கையில அடிச்சி சத்தியம் பண்ணிக் குடுத்தேன். லைட்டப் புடிச்சிகினு நின்ன காலத்துல இதே கூத்த எத்தனையோ தடவ பாத்துட்டு வாய மூடிகினு நின்னவ நான். அந்தப் பொண்ணு மோவாயில மறுபடியும் அந்த ஆளு கை படக்கூடாது. என் கேமரா சரியில்லன்னா படும். வேற கேமரா கடன் கேக்கலாம்னா, முகூர்த்த நாள்ல எவன் கேமரா சும்மா கெடக்கும்?

மறுநாளே மெட்ராஸுக்கு மின்சார ரயில் ஏறினேன். சர்வீஸ் பண்ற எடத்துல இருந்தவர் லென்ஸக் கழட்டி டார்ச் அடிச்சிப் பாத்துட்டு, வெச்சிட்டுப் போங்க, ஒரு வாரம் ஆவும்னார். கெஞ்சினேன். அப்புறம் சண்ட போட்டேன். ரெண்டும் வேலைக்கு ஆவல. நாமளே வீட்டுல தொடச்சிக்கலாமான்னு கேட்டேன். தொடைக்கலாம், கீறல் வுழுந்தா புதுக் கேமராவே வாங்கிக்கலாம்னு சிரிச்சிகினே சொன்னார். அவர் சிரிப்பு இன்னும் என் கண்ணுலயே நிக்குது. பக்கத்துக் கடையில காத்தடிக்கிற ரப்பர் உருண்ட ஒண்ணு, சென்சார் தொடைக்கிற குச்சி ஒரு பாக்கெட்டு, அதுக்கான திரவம் ஒரு குப்பி வாங்கிகினு வண்டி ஏறினேன். குச்சின்னா, சென்சார் அகலத்துக்கு நுனியில மெத்துன்னு துணி சுத்தின பிளாஸ்டிக் பட்ட. ஒரு குச்சிய ஒரு தடவதான் பயன்படுத்தணும்.

வீட்டுக்குள்ள கால வெக்கிறேன், ரெண்டு தறியும் ஓடிகினு இருக்கு. சன்னல்ல சாயங்கால வெயில், அந்த வெயில்ல பஞ்சு பறந்துகினு இருக்கு. அவ்ளோதான். மாமனார் காலத்துலேர்ந்து இழுத்துத் திட்ட ஆரம்பிச்சேன். இந்தப் பஞ்சுதான் என் கேமராவத் தின்னுது, இந்த வீட்டுல ஒரு மனுஷி மூச்சு வுட முடியுமா, சோத்துல பஞ்சு, தலவாணியில பஞ்சு, இப்போ என் பொழப்புலயும் பஞ்சு. தறி சத்தத்துக்கு மேல கத்துறதுக்குத் தனித் தொண்ட வேணும், அது எனக்கு இருக்கு. பாவா எழுந்து போய் ரெண்டு தறியோட சுவிட்சையும் அணைச்சார். நான் கத்தின கடைசி வார்த்த மட்டும் தெருவுக்கே கேட்டுச்சு.

மறுநாள் காலையிலயும் அவர் தறியப் போடல. பாதி நெய்ஞ்ச சேலை ரெண்டு தறியிலயும் நிக்குது, அந்த வாரக் கடைசிக்குள்ள நூல் குடுத்த முதலாளிக்குக் குடுத்தாகணும். போன்ல கூப்பிட்டு நாலு நாள் தள்ளிப்போவும்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஏன்னு கேட்டிருப்பாங்க போல, வீட்டுல வேல இருக்குன்னார். எதிர் வீட்டம்மா வந்து, உங்க வீட்டுல மட்டும் கரண்ட் இல்லையான்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. எனக்கு அப்பவும் மனசு எறங்கல. நிறுத்தட்டும், இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு நெனச்சேன்.

அன்னிக்கு நானே தொடைக்கலாம்னு உக்காந்தேன். கேமரா வாயக் கீழப் பாக்கத் திருப்பிப் புடிச்சிகினு ரப்பர் உருண்டையால காத்தடிச்சேன். ஒரு புள்ளி போவல, ஒட்டிகினு நிக்குது. சரின்னு குச்சிய எடுத்து ரெண்டு சொட்டு வுட்டு உள்ள கொண்டுபோனேன். என் கேமராவுல, கை ஆடினாலும் படம் ஆடாம இருக்கிறதுக்காக சென்சார லேசா மெதக்கிற மாதிரி வெச்சிருப்பாங்க. குச்சி நுனி பட்டும் படாம போனப்பவே அது அசைஞ்சுது. எனக்கு உசிரே போயிடுச்சு. அப்புறம் கை நடுங்குது, நிறுத்தவே முடியல. மூணு தடவ பாத்தேன், மூணு தடவயும் பாதியிலயே வெளிய எடுத்துட்டேன். கேமராவ மூடி வெச்சிட்டு அழுதேன்.

பாவா வந்து பக்கத்துல குந்தினார். தன் கையில குடுக்க மனசு வருமான்னு கேட்டார். கீறிட்டா இன்னா பண்றதுன்னு எரிஞ்சி வுழுந்தேன். இன்னிக்கு அதத் தொடவே மாட்டேன், நாளைக்குத்தான்னார்.

அன்னிக்குப் பகல் பூரா அவர் பண்ண வேலைய நான் கதவோரம் நின்னு பாத்தேன். ஒரு அட்டப் பெட்டிய எடுத்து, கேமரா வாய் எவ்ளோ அகலம், உள்ள எவ்ளோ ஆழம்னு அளந்து அதே மாதிரி வெட்டினார். அடியில சின்னதா ரெண்டு துண்டு ஸ்பாஞ்சு வெச்சி, அதுமேல தபால்தலை அளவுக்கு ஒரு மொகக்கண்ணாடித் துண்ட ஒட்டினார். தொட்டா சென்சார் மாதிரியே அசையுது. பழைய ஏடிஎம் கார்ட குச்சி அகலத்துக்கு நறுக்கி, நுனியில மெல்லிசுத் துணியச் சுத்திகினார். கண்ணாடியில மாவத் தூவுறது, ஒரே இழுப்புல தொடைக்கிறது, டார்ச் அடிச்சிப் பாக்கிறது. மறுபடியும் மாவு. சோறு திங்க ஒருவாட்டி எழுந்தார், அவ்ளோதான். கடைசியில கண்ணாடி ஒரு துளி அசையாம, ஒரு கோடு வுழாம மாவ வழிச்சிகினு வந்தார்.

தறியில ஆயிரக்கணக்குல இழை ஓடும். அதுல ஒண்ணு அறுந்தா, பக்கத்து இழை மேல படாம விரல வுட்டு, அறுந்த நுனியப் புடிச்சி, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள முடிச்சிப் போட்டு வுடுவார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அத தெனம் பாத்துகினுதான் இருக்கேன். பாத்துகினு இருந்தேனே தவிர, அது இன்னா கைன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? அன்னிக்குத்தான் வெக்கத்த வுட்டுட்டு அந்தக் கையையே பாத்தேன்.

இடையில ஒண்ணு கேட்டார். படத்துல மேல தெரியிற புள்ளி சென்சார்ல எங்க இருக்கும்னு. எல்லாம் தலகீழா வுழும், இடம் வலமா மாறும்னு நான் பேப்பர எடுத்து வரைஞ்சி காட்டலாம்னு பாத்தா, அவரு அதுக்குள்ள, அப்போ கீழ்ப்பக்கம்தானேன்னு சொல்லிட்டார். பார்டர் போட்ட சேலைய நெய்றப்போ அதோட மொகம் கீழதான் பாக்கும், நாங்க பின்பக்கத்தப் பாத்துகினுதானே நெய்றோம்னார். கேமராவுக்குள்ள தலகீழா வுழுறத நான் புரிஞ்சிக்க ஒரு மாசம் ஆச்சு.

மறுநாள் காலையில குளிக்கிற ரூமுதான் சரியான எடம்னு முடிவு பண்ணார். ஃபேன் கெடையாது, துணிமணி கெடையாது, நாலு பக்கமும் டைல்ஸ். வெந்நீரத் தொறந்து வுட்டு ரூம் பூரா ஆவி ஆக்கினார். கோடையில தறிக்கூடத்துல இழை அறுந்துபோவாம இருக்கத் தண்ணி தெளிக்கிறவர் இல்லையா, ஈரத்துல தூசி அடங்கும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. ஆவி அடங்கி சுவரு ஆறுற வரைக்கும் கேமராவ வெளியவே வெச்சிருந்தோம். கதவுக்கடியில ஈரத்துண்டு. சட்டையிலேர்ந்து நூல் வுழும்னு சட்டையக் கழட்டிட்டார். தல குளிச்சிட்டு, ஈர வேட்டியோட, எச்சில் தெறிக்காம வாயில துணியக் கட்டிகினு, கவுத்துப் போட்ட பக்கெட்டு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தார். மூலஸ்தானத்துக்குள்ள போற குருக்கள் மாதிரி இருந்தார். எனக்கு அந்தப் பயத்துலயும் சிரிப்பு வந்துச்சு.

பேட்டரி நிறைய இருக்கான்னு நான் பாத்துக் குடுத்தேன். கேமராவ மல்லாக்க வெச்சி லென்ஸக் கழட்டினேன். குச்சியில ரெண்டே சொட்டு. அது துணியில ஊறுற வரைக்கும் காத்திருந்தார். இடது ஓரத்துல குச்சிய வெச்சார். வெச்சது எனக்குத் தெரியல, சென்சாருக்கும் தெரிஞ்சிருக்காது. மூச்ச அடக்கிகினு ஒரே சீரா வலது ஓரம் வரைக்கும் இழுத்தார். குச்சியத் திருப்பி அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு இழுப்பு. வெளிய எடுத்தார். நான் மூச்சு வுட்டேன்.

குச்சிய வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா கருப்பா இருந்துச்சு. பஞ்சு வெள்ளையால்ல இருக்கணும்? இது மை மாதிரி, கொழகொழன்னு, அடுப்புக்கரி மாதிரி. பாத்த ஒடனே எனக்கு விஷயம் புரிஞ்சிபோச்சு.

எங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடின சாமானுக்குப் பூஜ கெடையாது. தறி மோட்டாரோட மூடியக் கழட்டுவோம், தையல் மெஷினத் தொறந்து வெப்போம், எல்லாத்துக்கும் தனித்தனியா பொட்டு வெச்சி சாம்பிராணி காட்டுவோம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நடந்த பூஜையில என் கேமராவ நான்தான் மணையில வெச்சேன். லென்ஸக் கழட்டிப் பக்கத்துல தனியா வெச்சேன், ரெண்டுத்துக்கும் பொட்டு வெச்சேன். லென்ஸ் இல்லன்னா என் கேமராவுல சென்சார் நேரா வெளியப் பாக்கும், நடுவுல மூடி எதுவும் கெடையாது. தொறந்த வாய்க்கு நேரா சாம்பிராணித் தட்ட நீட்டி, நல்லா உள்ள போவட்டும்னு விசிறியால மூணு தடவ வீசி வுட்டேன். கண்ண மூடிக் கும்பிட்டேன் வேற. அதத் தவிர வேற எப்படி உள்ள கரி வரும்?

சொல்லியிருக்கணும். ரெண்டு நாளா தறிய நிறுத்திட்டு உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட, அப்பவே சொல்லியிருக்கணும். என் வாயிலேர்ந்து வந்தது வேற.

"தறி எண்ணெயா இருக்கும் பாவா."

அவர் குச்சியப் பாத்தார். "ஆங், இருக்கும்"னார். அடுத்த குச்சிய எடுத்தார்.

மூணு குச்சி ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நான் லென்ஸ மாட்டி, துளையச் சின்னதாக்கி, மொட்ட மாடிக்கு ஓடி வானத்தப் படம் எடுத்துப் பாத்தேன். மொத தடவ பாதி போயிருந்துச்சு. ரெண்டாவதுல அஞ்சாறுதான் மிச்சம். மூணாவதுல ஒரே ஒரு பொட்டு, மூலையில. அதையும் எடுத்துடுன்னு நான் தொல்ல பண்ணேன். வேணாம், ஓரத்துலதானே கெடக்குது, அதுக்காக இன்னொரு தடவ உரசக் கூடாதுன்னு சொல்லிட்டார். எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கை அது. எனக்கு அது இன்னி வரைக்கும் வராது.

ரெண்டு நாள் கழிச்சி மலை மேல கல்யாணம். அந்தப் பொண்ணு மொதல்ல விறைச்சிப்போய் நின்னா, யாராவது கிட்ட வந்தாலே தோள ஒடுக்கிகினா. நான் கிட்டவே போவல. மூஞ்சத் திருப்புன்னும் சொல்லல, உங்க அம்மா அங்க என்ன பண்றாங்க பாருன்னேன், தானா திரும்பினா. தாலி கட்டின பிறகு வெளிய வெயில்ல நிக்க வெச்சி, துளையச் சின்னதாக்கி, வானத்தோட சேத்து எடுத்தேன். பெரிசு பண்ணிப் பாத்தேன். வானம் வானமா இருந்துச்சு. அவளும் எட்டிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தா.

"இதுல நான் சிரிச்சிகினு இருக்கேன்க்கா"ன்னா.

பையத் தோள்ல மாட்டிகினு படியெறங்கி வந்தப்போ எனக்குச் சந்தோஷமே வரல. இந்தச் சிரிப்ப எடுத்துக் குடுத்தது யாரோட கை, நான் யாரப் போட்டுத் திட்டிகினு இருக்கேன்? எங்க தெருவுல நுழைஞ்சா எல்லா வீட்டுலயும் தறி ஓடுது. எங்க வீடு மட்டும் அமைதியா இருக்கு. பாவா நின்ன தறிக்குப் பக்கத்துல உக்காந்து ஏதோ நூலப் பிரிச்சிகினு இருந்தார். படம் நல்லா வந்துச்சான்னு கேட்டார்.

நின்ன எடத்துலயே சொல்லிட்டேன். அது பஞ்சு இல்ல, எண்ணெயும் இல்ல, நான் காட்டின சாம்பிராணிதான்னு. மொத குச்சியப் பாத்தப்பவே தெரியும், வேணும்னேதான் பொய் சொன்னேன்னு.

அவர் நூலத்தான் பாத்துகினு இருந்தார். "எனக்கும் தெரியும்மே"ன்னார்.

தெரிஞ்சா ஏன் சொல்லலன்னு கேட்டேன். அப்பவும் என் குரல் ஒசந்துதான் இருந்துச்சு.

"கோவத்தோட போனா நீ நல்லா எடுப்ப. தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சிகினு போனா உன் கை நிக்காது. அந்தப் பொண்ணு உன்ன நம்பிகினு இருந்துச்சு."

எனக்கு அப்பவும் ஒண்ணு புரியல. தொடச்சி முடிச்சி ரெண்டு நாள் ஆச்சு, பஞ்சு இல்லன்னும் தெரியும், சேல பாதியில நிக்குது, முதலாளி தெனம் போன் பண்றார். அப்புறம் இன்னாத்துக்குத் தறியப் போடாம உக்காந்திருந்தன்னு கேட்டேன்.

"தறி ஓடினா, பஞ்சு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு நீ கண்டுபுடிச்சிடுவ இல்ல."

கத்துறதுக்குத்தான் வாயத் தொறந்தேன். அழுகதான் வந்துச்சு.